தலைவருக்கு வீட்டுக்காரராக இருப்பது எப்படி?

கேள்வி: அன்புள்ள அக்கா, அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் டாடா ஏஸ் வைத்து, கத்தரிக்காய் லோடு ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரி பத்து வருஷமாக மகளிர் குழுவில் ஊக்குநர், பிளஸ் டூ படித்தவள். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. வருகிற தேர்தலில் அவள் நிற்க வேண்டும் என்று குழுப் பெண்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். அவளுக்கும் ஆசை இருக்கிறது. என் சித்தப்பா, "நிறுத்துடா, ஜெயிச்சா நீதான் பாத்துக்கப் போற, அவ கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தா போதும்" என்கிறார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நாலு ஆம்பளைங்க நடுவுல போய் உக்காருவாளா?" என்கிறார். எனக்கு அவளுக்கு உதவியாக இருக்கத்தான் ஆசை. ஆனால் எப்படி என்று தெரியவில்லை. செலவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

– ஒரு வாசகர், அணைக்கட்டு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சித்தப்பா சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது, என்ன வண்டி, என்ன லோடு என்பது வரைக்கும் இருக்கிறது. நிற்கப் போகிறவரின் பெயர் மட்டும் இல்லை. அவர் வாயால் சொன்ன ஒரு வார்த்தையும் இல்லை. "ஆசை இருக்கிறது" என்பதையும் நீங்கள்தான் அவருக்காக எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

2001 தேர்தலில் காட்பாடி பக்கத்தில் ஓர் ஊராட்சியில் நின்று ஜெயித்தேன். முதல் நாள் அலுவலகத்துக்குப் போனால் ஒரு மேஜை, ஓர் இரும்பு பீரோ, காந்தி படம், கை வைத்த நாற்காலி ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். என் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. உள்ளே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்துப் பேசினார்கள். எழுத்தர் தீர்மானப் புத்தகத்தை முதலில் அவர் பக்கம் திருப்பி வைப்பார். அவர் படித்துத் தலையாட்டுவார். அப்புறம் புத்தகம் என் பக்கம் வரும், எங்கே கையெழுத்து என்று எழுத்தரின் விரல் காட்டும். நான் போடுவேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அடுத்து வந்தது தணிக்கை. குடிநீர்க் குழாய் வாங்கியதில் விலைப்புள்ளி சரியாக வாங்கவில்லை என்று தடை எழுதிவிட்டார்கள். யாரும் பணத்தைத் தின்னவில்லை. தெரிந்த கடை, நம்பி என் வீட்டுக்காரர் வாங்கிவிட்டார். ஆனால் கடிதம் யார் பேருக்கு வந்தது? என் பேருக்கு. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவருக்கு ஒரு வரி கிடையாது. மூன்று மாதம் பில்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு நான்தான் அலைந்தேன். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையோடு நின்றுகொள்வார். தானே எடுத்த முடிவு என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். இல்லை, அது நான் போட்ட சண்டை.

இதை உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள். "கையெழுத்துப் போட்டா போதும்" என்கிறாரே, அந்தக் கையெழுத்துதான் பதவி. சட்டத்துக்குத் தெரிந்தது அதைப் போட்டவர் மட்டும்தான். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தாலும், மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் நடவடிக்கை எடுத்தாலும், தலைவர் வீட்டுக்காரர் என்று ஓர் ஆள் அந்தக் காகிதத்தில் இருக்க மாட்டார். நீங்கள் 'பார்த்துக்கொண்டால்' தப்பு உங்களுடையதாக இருக்கும், தண்டனை அவருடையதாக இருக்கும்.

சரி, உதவ வேண்டும் என்று மெய்யாகவே கேட்டிருக்கிறீர்கள். தேர்தலுக்கு முன்னால் செய்ய வேண்டியதில் இருந்து சொல்கிறேன்.

அடுத்த கிராம சபைக்கு அவர் போகட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நடக்கின்றன. மரத்தடியில் வரவு செலவை ஒரு பிளக்ஸில் மாட்டி வைத்திருப்பார்கள், படிவம் 30 என்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்வார்கள். அவரை அதன் முன்னால் போய் நின்று படிக்கச் சொல்லுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, மின் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பத்து வருஷம் குழுவில் சேமிப்பு, சந்தா, கடன் தவணை என்று ரூபாய் பிசகாமல் எழுதியவருக்கு அந்தக் கணக்கு ஒரு மலையா? குழுவிலும் தீர்மானப் புத்தகம்தான், இங்கேயும் தீர்மானப் புத்தகம்தான். ஆம்பளைகள் தேர்தலுக்கு வரும்போது இந்த அனுபவம்கூட இல்லாமல்தான் வருகிறார்கள், அவர்களை யாரும் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்பதில்லை. அன்றைக்கு உங்கள் வேலை, பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது.

இரண்டாவதாக, அவரை மட்டும் நிறுத்தாதீர்கள். இது பலருக்கு ஜெயித்த பிறகுதான் புரிகிறது. வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிப் பணம் வெளியே போக வேண்டும் என்றால் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். பெண் தலைவரை ஜெயிக்க விட்டுவிட்டு, துணைத் தலைவர் பதவியைத் தங்கள் ஆளுக்குப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செலவையும் முடக்கிய ஊர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவில் தண்ணீர் வராது, காயில் எரிந்துபோன மோட்டார் அப்படியே கிடக்கும், திட்டு எல்லாம் தலைவிக்கு. உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்களே அந்தக் குழுப் பெண்கள், அவர்களில் மூன்று நான்கு பேர் வார்டுகளில் நிற்கட்டும். "நீ நில்லு, நாங்க பின்னால இருக்கிறோம்" என்பதைவிட "நாங்களும் நிக்கிறோம்" என்பதுதான் கூட்டத்தில் கை தூக்கும்.

மூன்றாவது, செலவு. வேட்புமனுவுக்குக் கட்டிய டெபாசிட் சென்ற தேர்தலில் தலைவர் பதவிக்கு 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். இந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, பூட்டு சாவி மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள், அதை வீடு வீடாகச் சொல்ல வேண்டியதுதான். மிச்சச் செலவெல்லாம் பிரியாணியும் பாட்டிலும் கவரும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: குழுக் கடனை எடுத்துத் தேர்தலில் விடாதீர்கள். தோற்றால் பதவியும் இல்லை, பத்து வருஷக் குழுவும் இல்லை. டாடா ஏஸையும் அடமானம் வைக்க வேண்டாம். தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். அஞ்சு லட்சம் போட்டு ஜெயித்தவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்று ஊருக்கே தெரியும். "கோயிலுக்கு இவ்வளவு கொடுத்துடு, போட்டியில்லாம விட்டுடறோம்" என்று பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசி வந்தால் அது ஏலம். சட்டப்படி குற்றம். வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் பாக்கி இருந்தால் இப்போதே கட்டி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனுவைத் தள்ள அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நாலு ஆம்பளை நடுவில் என்கிறார். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016ல் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட ஒன்பது மாவட்டங்களில் நடந்த தேர்தல் அப்படித்தான் நடந்தது. ஆகவே நாலு ஆம்பளை இருந்தால் நாலு பொம்பளையும் இருப்பார்கள் என்று சொல்லுங்கள். வேலூர் மாநகராட்சிக்கு 2011லும் பெண் மேயர், 2022லும் பெண் மேயர். அதே 2022ல் 37வது வார்டு மக்கள் கங்கா நாயக் என்ற திருநங்கையைக் கவுன்சிலர் ஆக்கினார்கள்.

அம்மாவுக்குச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் பெண் சத்தியாகிரகிகளை வேலூர் பெண்கள் சிறையில்தான் கொண்டுவந்து அடைப்பார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் வயிற்றில் பிள்ளையோடு இங்கே இருந்தார். பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பெற்றுக்கொண்டு, பச்சைக் குழந்தையோடு திரும்ப இதே சிறைக்கு வந்தார். அந்தப் பிள்ளையை ஜெயில் வீரன் என்றே கூப்பிட்டார்கள். அப்புறம் 1937ல் சட்டமன்றத்துக்கும் போனார். நம் பக்கத்து மண்ணில் நடந்தது இது. அதற்கு முன்னால் ஊராட்சிக் கூட்டம் எம்மாத்திரம்?

இதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: கீழே பாதி என்றால் மேலே அப்படி இல்லை. 2021ல் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று அதற்கு முன்னால் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறார்கள். சட்டத்தைவிடக் கட்சியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஏறும்போது கட்சிச் சின்னம் வந்துவிடும், சீட்டு யாருக்கு என்பது ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆம்பளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிற அறையில் முடிவாகும். இது உங்களால் தீர்கிற விஷயம் இல்லை. ஐந்து வருஷம் கழித்து அவர் மேலே போக ஆசைப்பட்டால் அன்றைக்கு மறுபடி எழுதுங்கள்.

நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் சாதி எது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் நாடு முழுக்கப் போயிற்று. உங்கள் ஊரில் அப்படி ஏதும் நடக்கும் என்று தோன்றினால், பதவியேற்ற முதல் கூட்டத்துக்கே குழுப் பெண்கள் இருபது பேர் போய் வாசலில் நிற்கட்டும். நின்றால் போதும்.

இனி ஜெயித்த பிறகு உங்கள் பங்கு. ஒன்றிய அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிப்போங்கள், உள்ளே போகாதீர்கள். ஊராட்சி வேலை எதையும் நீங்களோ உங்கள் தம்பியோ காண்ட்ராக்ட் எடுக்காதீர்கள், பினாமியிலும் வேண்டாம். செயலர் ஏதாவது காகிதத்தை உங்கள் கையில் கொடுத்து "அண்ணிகிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்துடுங்க" என்றால் வாங்காதீர்கள். காலையில் மார்க்கெட் லோடு இறக்கிவிட்டு வந்து சோறு வடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவரைப் பற்றித் தப்பாகப் பேச்சு வரும், வாட்ஸ்அப்பில் வரும், டீக்கடையில் வரும். அவர் வர முடியாத இடம் அந்த டீக்கடை பெஞ்சுதான். அங்கே உங்களை எவனாவது "என்ன தலைவரே" என்று கிண்டலாகவோ மரியாதையாகவோ கூப்பிட்டால், "தலைவர் ஆபீஸ்ல இருக்காங்க, போய்ப் பாரு" என்று சொல்லுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்த மாதமே செய்துவிடலாம். அவர் பேரில் தனியாக ஒரு சிம் வாங்கிக் கொடுங்கள். குழுவில், ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்த நம்பரை அவரே கொடுக்கட்டும். எங்கள் ஊரில் பதவி கை மாறியது நாற்காலியில் இல்லை, போனில்தான். அப்போது வீட்டில் இருந்த ஒரே லேண்ட்லைனை என் வீட்டுக்காரர் எடுப்பார், "நான் சொல்லிடறேன்" என்பார், எனக்கு வந்து சேரும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும். மே மாத வெயிலில் ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று அந்த நம்பருக்கு யாராவது அடிப்பார்கள். அவர் குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிப்போயிருந்தாலும் சரி, நீங்கள் எடுக்காதீர்கள். எழுப்புங்கள்.