பணியாரத்தைப் பார்த்து ஏன் அழுகிறாள்?

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஜூடோவில் 48 கிலோ பிரிவு. போட்டி வந்தால் ஒரு வாரம் அரை வயிறுதான், கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தினமும் நாலைந்து தடவை எடை மிஷினில் ஏறுகிறாள், பேசினாலே எரிந்து விழுகிறாள். ஆனால் ராத்திரி முழுக்க போனில் சமையல் வீடியோ! போன வாரம் அவள் ஆயா ஆசையாகச் சுட்ட வெள்ளைப் பணியாரத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். திமிரா, பயமா?
- ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: திமிர் இல்லைம்மா, பசி. அந்தச் சமையல் வீடியோவை எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் விஷயம். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் திடகாத்திரமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துச் சோதித்தார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, யாரோடும் ஒட்டாமை, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு; சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். வளர்ந்த ஆண்களுக்கே அந்தக் கதி என்றால், இன்னும் வளர்கிற பெண்ணுக்கு?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் எடை 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததை ஊரே பேசியது. எனக்கென்னவோ அதற்கு முந்தைய ராத்திரிதான் மனதில் நிற்கிறது: தூங்காமல், வியர்வை வடித்து, முடியைக்கூட வெட்டி, அப்படியும் போதவில்லை. உங்கள் மகளும் சின்ன அளவில் அதைத்தான் செய்கிறாள். தண்ணீரை நிறுத்துவது விளையாட்டில்லை. 1997 கடைசியில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய்ச் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள்.

பயிற்சியாளரை நேரில் பாருங்கள். அடுத்த பிரிவு 52 கிலோ. அதற்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முதல் வருஷம் தோற்கலாம், தோற்கட்டுமே. 'எடையைக் குறைச்சுட்டு வா' என்பதைத் தவிர வேறு பதில் இல்லாதவர் என்றால், ஆளையே மாற்றுவேன் நான். அப்புறம், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். மூன்று மாதம் வரவில்லை என்றால் போட்டியெல்லாம் பிறகு, முதலில் டாக்டர். ஒளிந்து சாப்பிடுவது, வாந்தி எடுப்பது, 'நான் எதுக்கு இருக்கணும்' என்பது போன்ற பேச்சு, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆயாவிடமும் ஒரு வார்த்தை. 'ரெண்டு தின்னா ஒண்ணும் ஆகாது'ம் வேண்டாம், 'வத்தலாப் போயிட்டியே'யும் வேண்டாம். பணியாரம் சுட்டால் மூடி வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு நகர்ந்துவிடட்டும்.