சாலையில் மாரத்தான் ஓடுபவர், மலைப்பாதையில் முதல் 50 கி.மீ. ஓட்டத்துக்கு எப்படித் தயாராவது?

42.2 கி.மீ. சாலை மாரத்தானை நாலு மணி நேரத்தில் முடிப்பவராக இருந்தாலும், மலைப்பாதையில் அந்த வேகக் கணக்கை விட்டுவிடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்த வீரர்களே நடப்பார்கள், நீங்களும் நடங்கள்.

உண்மையில் ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. சமதரையில் மட்டும் ஓடிய கால் அதற்குப் பழகியிருக்காது. கடைசி 10 கி.மீ.யில் முழங்காலை மடக்கவே சிரமப்படும். அதனால் இரண்டு மூன்று மாதமாவது வாரம் ஒருமுறை சரிவில் இறங்கி ஓடுங்கள். ஊரில் குன்று இல்லையா? சரி, மாடிப்படியிலோ மேம்பாலத்திலோ தொடங்கலாம். சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கண் நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், பசிக்கும் முன்பே. எனக்கு வாழைப்பழமும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் ஒத்துக்கொண்டன. அப்புறம், தண்ணீர்ப் பையைச் சுமந்தே பயிற்சியும் செய்யுங்கள்.