எங்கள் ஏழு பேர் அலுவலகத்துக்குப் பகுதி ஃபைபர் பிராட்பேண்டை இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுக்கலாமா, முழு ஃபைபர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழு பேர் வேலை பார்க்கும் இடம், தெருவுக்கு இன்னும் முழு ஃபைபர் வரவில்லை, இப்போதைய பழைய லைன் மூச்சு வாங்குகிறது என்றால் வரும் வரும் என்று காத்திருப்பது தினசரி நஷ்டம். பகுதி ஃபைபரை இடைக்கால ஏற்பாடாக எடுங்கள். கிடைப்பதிலேயே குறுகிய ஒப்பந்தமாகப் பாருங்கள். மாதக் கட்டணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. நீண்ட ஒப்பந்தம்தான் வழி என்றால், அதே நிறுவனத்தின் முழு ஃபைபர் உங்கள் கட்டடத்துக்கு வரும் நாளில் அபராதம் இல்லாமல் மாற்றித் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவில் வாயால் சொல்வது கணக்கில் வராது.

சிறிய அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதனால் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பகுதி ஃபைபர் என்றால் தொலைபேசி நிலையத்திலிருந்து தெருவோரப் பெட்டி வரைக்கும் ஃபைபர் எனும் கண்ணாடி இழை, அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் சுவர் வரைக்கும் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி. முழு ஃபைபரில் உங்கள் சுவர் வரைக்குமே கண்ணாடி இழைதான். முன்பெல்லாம் இதையும் வெறுமனே ஃபைபர் என்றே விற்றார்கள். பிரிட்டனில் 2024 செப்டம்பரிலிருந்து அப்படிச் சொல்லக் கூடாது என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கட்டுப்படுத்தியிருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் ‘கட்டடத்துக்குள் வருவது கண்ணாடி இழையா, செம்பா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அந்தக் கடைசித் துண்டுச் செம்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதில் பெரும்பாலும் ஓடுவது விடிஎஸ்எல்2 என்ற தொழில்நுட்பம். நிலையத்திலிருந்தே செம்பில் வரும் பழைய பிராட்பேண்டான ஏடிஎஸ்எல்2+ சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைக்கும்தான் போகும். விடிஎஸ்எல்2 பரவலாக 17 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகிறது. அதனால்தான் இதில் வேகம் அதிகம். ஆனால் அதிர்வெண் கூடக் கூடச் செம்புக் கம்பியில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆகவே பெட்டி இருநூறு, முந்நூறு மீட்டரில் இருந்தால் நல்ல வேகம் வரும். ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் வேகம் மளமளவென்று இறங்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் பழைய இணைப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இந்தத் தூரம் கம்பியின் நீளம். பெட்டி எதிர்ச்சாரியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும், கம்பியோ தெருவைச் சுற்றி வந்திருக்கும். உங்கள் லைன் அந்தப் பெட்டியில்தான் சேர்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. எனவே விளம்பரத்தில் இருக்கும் ‘இவ்வளவு வரை’ என்ற எண்ணை விட்டுவிட்டு, உங்கள் முகவரிக்கு, உங்கள் லைனுக்கு என்று கணித்த வேகத்தையும் குறைந்தபட்ச உத்தரவாத வேகத்தையும் கேளுங்கள். அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய், அவர்களால் சரிசெய்ய முடியாவிட்டால், அபராதம் இல்லாமல் வெளியேறலாமா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்.

இன்னொன்று, பக்கத்துக் கடைகளின் கம்பிகளும் உங்கள் கம்பியும் ஒரே கட்டாக நிலத்தடியில் ஓடுகின்றன. ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் இரைச்சலாக ஏறும். தெருவில் இணைப்புகள் கூடக் கூட முதலில் கிடைத்த வேகம் மெல்லக் குறைவது இதனால்தான். வெக்டரிங் என்ற உத்தி இதை ஓரளவு சமாளிக்கும். ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் அது கிடையாது.

இப்போது அப்லோடு. சிறு தொழில்கள் வாங்கும்போது பார்க்காமல் விட்டு, வாங்கிய பிறகு அவதிப்படுவது இதில்தான். வீட்டில் படம் பார்ப்பவருக்கு டவுன்லோடு போதும். அலுவலகத்தில் ஃபைல் அனுப்புகிறோம், கிளவுடில் பேக்கப் எடுக்கிறோம், வீடியோவில் பேசுகிறோம், கேமராப் பதிவு வெளியே போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 ஜிபி பேக்கப்பை 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) அப்லோடில் அனுப்ப இரண்டே கால் மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ் இருந்தால் 13 அல்லது 14 நிமிடம். ஒரு இணையத் தொலைபேசி அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 0.1 எம்பிபிஎஸ்தான் வேண்டும், அது பிரச்சினையே இல்லை. தெளிவான வீடியோ அழைப்பு என்றால் ஆளுக்கு இரண்டு, மூன்று எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேரில் நான்கு பேர் ஒரே நேரத்தில் வீடியோவில் உட்கார்ந்தால் 10 எம்பிபிஎஸ் அப்லோடு முழுவதும் அதற்கே போய்விடும்.

நான் பார்த்த ஒரு கணக்கர் அலுவலகத்தில் தினமும் மாலை நான்கு மணி வாக்கில் போன் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. லைன் கெட்டுவிட்டது, நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று முடிவே செய்திருந்தார்கள். ரூட்டரில் போக்குவரத்து வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது, சரியாக நான்கு மணிக்கு அப்லோடு கோடு உச்சியைத் தொட்டு அப்படியே நின்றது. ஒரு கணினியின் தானியங்கி பேக்கப் அந்த நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அப்லோடு நிரம்பியதும் ரூட்டருக்குள் வரிசை நீண்டு, பேச்சைச் சுமக்கும் தரவுப் பொட்டலங்கள் அதன் வாலில் போய்க் காத்துக்கிடந்தன. பேக்கப்பை இரவு பதினொரு மணிக்கு மாற்றினோம். ரூட்டரில் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு வைத்து, பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்தோம். அதே லைன்தான், பிரச்சினை போய்விட்டது. பகுதி ஃபைபரோடு வாழ்வதற்கு இந்த வரிசை மேலாண்மை தெரிந்த ரூட்டர் கட்டாயம் வேண்டும். இணைப்போடு இலவசமாக வரும் ரூட்டர்களில் பலவற்றில் இந்த வசதி இருக்காது.

இணைப்பு வந்த அன்றே இன்னொன்றும் செய்யுங்கள். மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்தால் லைன் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது, சிக்னல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இரைச்சலுக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம், எத்தனை பிழைகள் என்று எல்லாம் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் இடைவெளி 6 டெசிபெல் சுற்று வட்டாரத்தில் நிற்பது சாதாரணம். அது 2, 3 என்று இறங்கி, பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எங்கோ இணைப்பில் ஈரமோ தளர்வோ இருக்கலாம். புகார் கொடுக்கும்போது ‘நெட் ஸ்லோ’ என்பதைவிட முதல் நாள் படத்துக்கும் அன்றைய படத்துக்கும் மதிப்பு அதிகம். அப்புறம், மோடத்தைக் கம்பி உள்ளே நுழையும் முதல் சாக்கெட்டிலேயே சொருகுங்கள். கட்டடத்துக்குள் பல வருடங்களுக்கு முன் இழுத்த கிளைக் கம்பிகள் வழியாகச் சொருகினால் கணிசமான வேகத்தை உள்ளேயே இழப்பீர்கள். மோடத்தை அங்கே வைத்துவிட்டு, அங்கிருந்து மேசைகளுக்கு ஈதர்நெட் கேபிள் இழுப்பதுதான் சரி.

வீட்டுத் திட்டமா, வணிகத் திட்டமா? வணிகம் என்று பெயர் போட்டதால் கம்பி மாறிவிடாது. காசு போவது பழுது நீக்கும் காலக்கெடுவுக்கும், நிலையான ஐபி முகவரிக்கும் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் மாறாத எண்), போனை எடுக்கும் ஆளுக்கும். ‘விரைவாகக் கவனிப்போம்’ என்பது உறுதிமொழியே அல்ல. எத்தனை மணி நேரத்துக்குள், வார இறுதி சேர்த்தா, தவறினால் என்ன இழப்பீடு என்று எழுதியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்கோ கேமராவுக்கோ நேரடியாக வரவேண்டும் என்றால் நிலையான ஐபி வாங்குங்கள். இல்லையென்றால் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

கேபிள் டிவிக் கம்பி வழியாக வரும் இணைப்பும் ஒருவகையில் பகுதி ஃபைபர்தான். கோஆக்சியல் கம்பியில் டவுன்லோடு தாராளமாக வரும். தெருவே பகிர்ந்துகொள்வதால் மாலை நேரத்தில் தொய்வு இருக்கலாம், அப்லோடும் பெரும்பாலும் குறைவு. உங்கள் இடத்தில் இரண்டும் கிடைத்தால், பக்கத்துக் கடைக்காரரிடம் வேலை நேரத்தில் ஒரு அப்லோடு சோதனை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் இப்போதைய லைனில் இணையம் தவிர வேறு என்னென்ன தொங்குகிறது என்று ஒரு நாள் ஒதுக்கிச் சரிபாருங்கள். கார்டு மெஷின், திருட்டு அலாரம், லிப்ட்டின் அவசரப் போன், ஃபேக்ஸ். பல நாடுகளில் பழைய தொலைபேசி வலையமைப்பையே மூடிக்கொண்டிருக்கிறார்கள், பிரிட்டனில் 2027 ஜனவரி இறுதி கெடு. புதிய இணைப்பில் போனும் இணையம் வழியாகத்தான் வரும் என்றால், கரண்ட் போனால் மோடத்தோடு போனும் போகும். பழைய போன் நிலையத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடியது, இது அப்படி ஓடாது. ரூட்டருக்கும் மோடத்துக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். தெருப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி இல்லாத பெட்டியாக இருந்தால் பகுதி முழுக்கக் கரண்ட் போகும்போது யுபிஎஸ் இருந்தும் லைன் நிற்கும். முழு ஃபைபரில் வழியில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி பெரும்பாலும் கிடையாது. அதை நான் விரும்புவதற்கு வேகத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

ஆகவே மாற்று வழியும் இப்போதே வையுங்கள். 4ஜி அல்லது 5ஜி சிம் போடக்கூடிய ரூட்டராக வாங்கி, லைன் விழுந்தால் தானாக சிம்முக்கு மாறும்படி அமையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை லைன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கார்டு மெஷினில் ஒரு பரிவர்த்தனை போகிறதா, ஒரு அழைப்பு வருகிறதா என்று பாருங்கள். பழைய இணைப்பைப் புதியது ஒழுங்காக ஓடத் தொடங்கிச் சில வாரம் கழித்தே நிறுத்துங்கள். அலுவலகத்தின் தொலைபேசி எண் புதிய சேவைக்கு மாறி வந்து சேரும்முன் பழைய லைனை ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போகக்கூடும்.