தொல்லியல் கேள்வி–பதில்: வேறொருவர் விட்டுப்போன குழி

கேள்வி: புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டைப் பலர் பல காலங்களில் தோண்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே வெட்டிய குழி இருக்கும்போது, அடுத்து வருபவருக்கு வேலை சுலபம்தானே?
– வரலாற்று மாணவி, விழுப்புரம்

பதில்: புது இடத்தில் தொடங்குவதைவிட இது கடினம். அரிக்கமேட்டில் 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கஸால், 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி ஆகியோர் தோண்டினார்கள். பின்னால் வருபவருக்கு முதல் வேலை, முன்னவர் எங்கே வெட்டினார் என்று கண்டுபிடிப்பது.

பழைய வரைபடத்தை அப்படியே நம்பக் கூடாது. 'மாமரத்திலிருந்து இத்தனை அடி' என்று எழுதியிருந்தால் அந்த மரம் இன்று இருக்காது. அடியை மீட்டராக்கும்போது 100 அடியை 30 மீட்டர் என்று உத்தேசமாக எடுத்தால் 48 செ.மீ. பிசகும். இரண்டு குழிகளுக்கு நடுவே தோண்டாமல் விடும் மண்சுவரின் அகலமே பெரும்பாலும் 50 செ.மீ.தான்! அந்தச் சுவர் என்று நினைத்து நீங்கள் பழைய குழிக்குள் நிற்பீர்கள். காந்த வடக்கும் காலப்போக்கில் நகரும். 1 டிகிரி மாறினால் 50 மீட்டர் தூரத்தில் 87 செ.மீ. விலகிவிடும். ஆகவே பழைய படத்தில் தெளிவாக உள்ள செங்கல் சுவர் மூலைகள் இரண்டை முதலில் வெளிக்கொண்டுவந்து, அவற்றோடு படத்தைப் பொருத்திய பிறகே புதுக் குழிக்கு எல்லைக் கயிறு கட்ட வேண்டும்.

அடுத்தது, முன்னவர் தன் குழியை மூடிய மண்ணை அடையாளம் காண்பது. தோண்டும் கொத்து அதில் பொதபொதவென்று இறங்கும். நிறம் கலந்திருக்கும், வேர் ஓடியிருக்கும், பீடித்துண்டோ பிளாஸ்டிக்கோ கிடைக்கும். அதிலிருந்து எவ்வளவு அழகான மணி வந்தாலும் 'மறுநிரப்பு' என்று தனிப்பையில்தான் போட வேண்டும். கலையாத மண் அடுக்கில் கிடைத்த பொருளோடு அதைச் சேர்த்துவிட்டால் அந்த அடுக்கின் காலக்கணிப்பே கெட்டுவிடும்.

பிறகு குழியின் பக்கச்சுவர். பல மழையில் சரிந்து வெடித்திருக்கும். 10 முதல் 20 செ.மீ. வரை நேராகச் செதுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடுக்குகளின் நிற வேறுபாடு எழுந்து வரும். அந்த ஈரம் காய்வதற்குள் எல்லைகளைக் கொத்துக்கரண்டி முனையால் கீறிக்கொண்டு, 1:20 அளவில் வரைய வேண்டும். முன்னவர் '4ஆம் அடுக்கு' என்றது உங்கள் கண்ணுக்கு இரண்டு அடுக்காகத் தெரியலாம். அவருடைய எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். உங்களுக்குப் புதிய எண் வரிசை வைத்து, எது எதற்கு இணை என்று அட்டவணை போடுங்கள்.

கேள்வி: முன்னவரின் முடிவே தவறாக இருந்தால்?
– ஆசிரியர், கடலூர்

பதில்: அரிக்கமேடே நல்ல உதாரணம். வீலர் அரிட்டைன் என்ற இத்தாலியச் சிவப்பு மட்கலத்தைக் கொண்டு காலம் கணித்தார். ரூலெட்டட் (உட்புறம் உருளைக் கருவியால் பதித்தது போன்ற புள்ளிவரி உள்ள) மட்கல ஓடுகளையும் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை என்றே கருதினார். பின்னாளைய ஆய்வில் ரூலெட்டட் கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று தெரிந்தது. மது, எண்ணெய் போன்றவற்றைக் கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளை மறுபடி பார்த்ததில் மத்தியதரைக் கடல் தொடர்பும் அவர் நினைத்ததைவிட முந்தியது என்று புலப்பட்டது. அவரைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை அவர் படத்தோடு பதிவுசெய்து வெளியிட்டதுதான். அவருக்கு முந்தைய தோண்டலில் கிடைத்த பொருள்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அடுக்குக் குறிப்பு இல்லாத ஓடு வெறும் ஓடு. எனக்கு இது பெரிய வருத்தம்.

கேள்வி: பாதியில் நிறுத்தும் குழியை எப்படி மூடுவது?
– வாசகர், சிவகங்கை

பதில்: தரையிலும் சுவரிலும் நீர் கசியக்கூடிய நெய்த சாக்குத்துணி விரியுங்கள். முழு பாலிதீன் வேண்டாம். அடியில் ஈரம் தேங்கிச் செங்கல் பொரிந்துபோகும். அதன்மேல் 10 செ.மீ. ஆற்றுமணல், மணலில் அந்த ஆண்டு நாணயம் ஒன்று; எப்போது மூடிய குழி என்று அடுத்து வருபவருக்கு அது சொல்லும். பிறகு சலித்த மண்ணை நிரப்பி, மழைநீர் வழிய மேலே கொஞ்சம் மேடாக்குங்கள். உயரம் அளக்கும் நிலைப்புள்ளியைக் குழிக்கு வெளியே, உழவு படாத இடத்தில் கான்கிரீட்டில் பதித்து, அதன் எண்ணைக் களக்குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.