ஹாரிஸ் லா: மூன்றாம் சீசன் – ஒரு கடிதம்

வணக்கம்,

'ஹாரிஸ் லா' என்ற அமெரிக்க வக்கீல் தொடரின் இரண்டு சீசனையும் இப்போதுதான் பார்த்து முடித்தேன். 2012இல் நிறுத்தாமல் இருந்திருந்தால் மூன்றாம் சீசனில் அதன் நாயகி, வக்கீல் ஹாரியட் என்ன ஆகியிருப்பார்? தொடரை உருவாக்கிய டேவிட் கெல்லியின் அரசியல் பிடிக்காமல்தான் என்பிசி சேனல் நிறுத்தியது என்று நினைக்கிறேன். வேறு சேனலாவது எடுத்திருக்கலாம். ஆனால் வயதானவர்கள் மட்டும் பார்க்கிற தொடரை எத்தனை நாள் ஓட்டுவார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. மிச்சக் கதையை நானே எழுதலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரசியல் காரணம் என்பதை விட்டுவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு வயது அதிகம், அதைப் பணமாக்குவது கடினம் என்று என்பிசி நிர்வாகமே அப்போது வெளிப்படையாகச் சொன்னது. வேறு சேனல் எடுப்பதும் நடக்காத காரியமில்லை. 1996இல் என்பிசி ஒரே சீசனோடு கைவிட்ட 'ஜாக்' தொடரை சிபிஎஸ் சேனல் எடுத்து 2005 வரை ஓட்டியது. ஹாரியட்டுக்கு அது வாய்க்கவில்லை.

ஆனால் 'அதிலும் நியாயம் இருக்கிறது' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என்ன நியாயம்? என்பிசியின் நாடகத் தொடர்களில் அதிகம் பேர் பார்த்தவற்றில் ஒன்று அது. அமெரிக்கச் சேனல்களின் விளம்பர விலை பெரும்பாலும் 18 முதல் 49 வயதுக்காரர்களை வைத்துத்தான் பேசப்பட்டது. ஐம்பதாவது பிறந்தநாள் வந்த மறுநாளே உங்கள் கண்ணுக்கு விலை குறைந்துவிடும். சோப்பு வாங்குவதை யாரும் நிறுத்திவிடுவதில்லை, கார் வாங்குவதையும் நிறுத்துவதில்லை, ஆனாலும் பார்வையாளர் என்ற கணக்கிலிருந்து பாதி வெளியே போய்விடுகிறீர்கள். இதை நியாயம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் பெரியம்மா வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது இந்தத் தொடரைப் பார்த்தார். காப்புரிமை (பேடன்ட்) வழக்குகளில் சலித்துப்போய், வேலையும் போய், சின்சினாட்டியில் பழைய செருப்புக்கடை ஒன்றில் அலுவலகம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஹாரியட்டை அவருக்கு அப்படிப் பிடித்துப்போனது. வழக்கைவிட, வாதாட எழுந்திரிக்கும்போது ஹாரியட்டாக நடித்த கேத்தி பேட்ஸ் எடுத்துக்கொள்ளும் அந்த நேரத்தைத்தான் கவனிப்பார். "அவசரமே படமாட்டா பாரு, கோர்ட்டே காத்துக்கிட்டு இருக்கு" என்பார். தொடர் நின்ற காரணத்தை நான் சொன்னதும், "அப்போ நான் பார்த்ததெல்லாம் பார்த்ததில்லையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பாத்திரத்தை முதலில் ஓர் ஆணுக்காகத்தான் எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பேட்ஸ் வந்ததால் அது ஹாரியட் ஆனது. தொடர் நின்றபோது அவருக்கு 63 வயது. 2024இல் அதே நடிகை 'மேட்லாக்' தொடரில் மறுபடி வக்கீலாக வந்தார், அதுவும் வயதான பெண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பதையே ஆயுதமாக எடுத்துக்கொள்ளும் பாத்திரமாக. இடையில் போன அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

சரி, உங்கள் கேள்வி. மூன்றாம் சீசனில் என்ன நடந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிறுத்தப்பட்ட தொடரின் திட்டம் என்பது அறையில் நாலு பேர் பேசிய பேச்சு, அவ்வளவுதான். நடிகர் எழுந்து நின்று வசனத்தைச் சொல்லும்வரை அது கதையாவதில்லை. நீங்கள் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஆனால் யாருக்கு யாரோடு கல்யாணம் என்று சுருக்கம் எழுதி அனுப்பாதீர்கள். ஒரே ஒரு வழக்கு, அதில் ஹாரியட்டின் இறுதி வாதம் முழுவதும். அவருக்கு இன்னும் மூன்று வயது கூட்டி எழுதி அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்