சீவினால் ஊறும்

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வேலை. குரூப் 4 தேர்வெழுதி அரசு வேலைக்குப் போக வேண்டுமென்று ஆசை. காலை நான்கு மணிக்கு எழுந்து ஏழு வரை படிப்பேன். பதினொரு நாள் ஒழுங்காகப் போனது. அப்புறம் அக்கா மகள் சீருக்குத் தாராபுரம் போனதில் இரண்டு நாள் விட்டுப்போனது. அதோடு சரி, புத்தகத்தைத் தொட மனசு வரவில்லை. இப்படி நிற்பது இது நான்காவது முறை. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் எதற்கும் லாயக்கில்லாதவனா? காலையில் படிப்பது நல்லதா, இரவிலா?

க., பெருந்துறை

அன்புள்ள தம்பி,

'லாயக்கில்லாதவன்' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்புகிற ஒருவர் பதினொரு நாள் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். அவரை இப்படித் திட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

காலையா இரவா என்பது பெரிய விஷயமே இல்லை. எது தோதோ அது.

அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். 1960-இல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' உதிர்ந்துபோய் 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. பிற்பாடு லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று அவர்கள் கணக்கு வந்தது. நடுவில் நிற்கிற எண் 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை என்றும் கண்டார்கள்.

என் அப்பாவுக்கு அது முன்பே தெரியும். அவர் மரமேறி. 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தபின் தெளுவு, அதாவது பதநீர், மட்டும் இறக்கினார். உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க அவர் ஞாபகமாகவே இருந்தேன்.

பனை ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏறுவதுதான் வேலை என்று தோன்றும். வேலை உச்சியில் இருக்கிறது. காலையும் மாலையும் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். ஒரே நாளில் நிறைய வேண்டுமென்று ஆழமாகச் சீவினாலும் கெட்டது, நாலு மாதம் வர வேண்டிய பாளை சீக்கிரமே தீர்ந்துபோகும். அப்பா சீவிப் போடுவது கீழே விழுந்தால் எடுத்துப் பார்ப்பேன். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். அவ்வளவுதான் ஒரு வேளைக்கு.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அத்தனை நேரம் உழைக்கிற உடம்பிலிருந்து தினமும் மூன்று மணி நேரத் தூக்கத்தை வெட்டி எடுக்கிறீர்கள். பாளையைப் பாதியாக வெட்டிவிட்டு ஊறவில்லையே என்று அழுகிறீர்கள். குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் நாளுக்கு ஒரு பாடம் போதும். முக்கால் மணி நேரம். கம்பெனி பஸ்ஸில்கூட முடியும்.

ஆனால் நான் முக்கியமாகத் திட்ட வந்தது இதற்கல்ல. சீருக்குப் போனீர்கள், நல்லது, தாய்மாமன் போகாமல் அது என்ன சீர்? குற்றம் மூன்றாவது நாளில் நடந்தது. விட்டது இரண்டு நாள். அதற்குத் தண்டனையாக மிச்ச மாதத்தையே நீங்கள் எறிந்தீர்கள். நான்கு முறையும் இதே கதையாகத்தான் இருக்கும், யோசித்துப் பாருங்கள். விட்ட நாள் உங்களைக் கெடுக்கவில்லை. 'ஐயோ, விட்டுவிட்டேனே' என்று உட்கார்ந்த நாட்கள் கெடுத்தன. விட்டுவிட்டோம் என்ற வெட்கத்தில் புத்தகத்தின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறீர்கள், அதுதான் விஷயம். இந்த வெட்கம் பொல்லாதது தம்பி. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளை இது வீட்டில் உட்கார வைத்திருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். மாசி மாதம். அப்பா காய்ச்சலில் இரண்டு நாள் எழவில்லை. அம்மாவின் அடுப்பில் காய்ச்சத் தெளுவு இல்லை. மூன்றாம் நாள் காலை சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார், நானும் பின்னால் போனேன். முதல் மரத்தில் ஏறி, பாளையில் கட்டியிருந்த முட்டிக் கலயத்தை எடுத்துப் பார்த்தார். அடியில் சுண்ணாம்பு மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, மரம் கோவிச்சுக்கிச்சா?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"மரத்துக்கு என்ன சாமி கோவம்? சீவுனா ஊறும்."

காய்ந்த நுனியைப் பச்சை தெரிகிற வரை எடுத்துவிட்டு, மறுபடி முட்டியைக் கட்டினார். அன்று சாயங்காலம் ஒன்றுமில்லை. மறுநாள் காலை ஒரு டம்ளர் அளவுக்கு இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மரத்தடியிலேயே ஓலைப்பட்டை மடித்து எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

இன்றைக்கு ராத்திரி ஒரு பாடம் படித்துவிட்டுத் தூங்குங்கள். என்ன பாடம் என்று நாளைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணன்