பழைய வால்வு ஆம்பைச் சீர்செய்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 1960களின் ஃபெண்டர் ஆம்ப்களை, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவிகளைப் பற்றியவை. அவற்றிலும் டீலக்ஸ் ரிவர்ப் பற்றியவையே மிகுதி. எனவே, கீழே தரப்பட்டுள்ள அளவுகள் அந்த ஆம்பின் ஏபி763 சர்க்யூட்டுக்கு உரியவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கக்கூடும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப்புகளால் ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் கெப்பாசிட்டரின் பிளஸ் முனைக்கும் இடையே பத்து விநாடி பிடித்து, தேங்கிய மின்சாரத்தை வடித்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.

கே: அமெரிக்காவிலிருந்து வந்த 1966ஆம் ஆண்டு ஆம்பை, 230 வோல்ட்டை 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சென்னையில் இயக்குகிறேன். அரை மணி நேரத்தில் ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. ஏன்?

ப: ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்க உள்நாட்டு விற்பனைக்குச் செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிடப்பட்டது. அதே வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் கோரில் (இரும்பு உள்ளகத்தில்) காந்தப்பாயம் 20 சதவீதம் கூடி, பிரைமரியில் (மெயின்ஸ் நுழையும் சுருளில்) வீண் மின்னோட்டம் ஏறி, சூடு கூடிவிடும். 117க்குப் பதிலாக 110 வோல்ட் கொடுப்பதால் நிலைமை சற்றுத் தணியுமே ஒழியத் தீராது. ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் வால்வு) உட்பட எல்லா வால்வுகளையும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் அதே சூடு இருந்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பிரைமரி கொண்ட ஏற்றுமதி வகை டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துவதே நிலையான வழி. கழற்றிய பழையதைப் பெயரெழுதிப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: இரண்டு முனை பிளக்கை மாற்றினால் ஆம்பின் மதிப்பு குறையுமா?

ப: குறையாது, குறைந்தாலும் மாற்றத்தான் வேண்டும். மூன்று கோர் வயர் போட்டு, எர்த் வயரைச் சேசிஸில் அதற்கென்றே தனியாக ஒரு போல்ட்டில் முறுக்குங்கள். ஃபேஸ் முதலில் பியூஸுக்கும் பிறகு சுவிட்சுக்கும் போக வேண்டும். கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸும் கிட்டார் கம்பிகளும் உங்கள் கைகளும் நேராக மெயின்ஸில் இருக்கும்.

கே: பவர் வால்வான 6வி6 இருக்கும் இடத்தில் பெரிய 6எல்6 போட்டுச் சக்தியைக் கூட்டலாமா?

ப: கூடாது. ஒரு 6எல்6 வால்வின் ஹீட்டருக்கு 0.9 ஆம்பியர் தேவை. 6வி6க்கு அதில் பாதிதான். அந்தச் சுமையைத் தாங்கப் பவர் டிரான்ஸ்ஃபார்மரும், கூடுதல் சக்தியைத் தாங்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் இந்த ஆம்பில் இல்லை.

கே: என் வால்வு ஆம்பில் சத்தம் சரியாக வரவில்லை. எதை மாற்றலாம்?

ப: எந்த ஆம்ப், எந்த வால்வுகள், சத்தம் குறைகிறதா உடைகிறதா உறுமுகிறதா என்று ஒன்றுமே எழுதாமல் எதை மாற்றுவது என்று கேட்டால் எவராலும் பொறுப்பான பதில் சொல்ல முடியாது. ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றிலும் உள்ள வோல்ட்டையும், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தால் உறுமல் நிற்கிறதா என்பதையும் குறித்து அனுப்புங்கள். அளவு இல்லாத கடிதத்திற்கு இனிப் பதில் எழுதுவதாக இல்லை.

கே: 1965ஆம் ஆண்டு டீலக்ஸ் ரிவர்பில் எல்லாக் கெப்பாசிட்டர்களையும் ரெசிஸ்டர்களையும் விலை உயர்ந்தவையாக மாற்றி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் பெரிதாகப் போட்டேன். பழையவற்றை எறிந்துவிட்டேன். இப்போது ஸ்டாண்ட்பையை (காத்திருப்பு நிலையை) நீக்கியவுடன் ஆம்ப் ஊளையிடுகிறது.

ப: ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் மிக எளியது. புதிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பவர் வால்வுகளின் பிளேட்டுகளுக்கு (வெளியீட்டு முனைகளுக்கு) செல்லும் வயர்கள் இரண்டும், அதாவது நீலமும் பழுப்பும், இடம் மாறியிருக்கும். அப்படி மாறினால் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகி, ஆம்ப் தானே அலறத் தொடங்கும். அணைத்து, வடித்து, அளந்து பார்த்த பிறகு இரண்டையும் இடம் மாற்றுங்கள்; ஊளை நின்றுவிடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆம்பில் கட்டாயம் மாற்ற வேண்டியவை மெயின்ஸ் வயரும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் மட்டுமே. எலக்ட்ரோலிட்டிக்குகள் உள்ளே ஈரம் வற்றி இறப்பவை. அவற்றின் ஆயுள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் என்பதால் அவற்றைச் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு 16 மைக்ரோஃபாரட்டுக்கும் பதிலாக 500 வோல்ட் தாங்கும் 22 போடலாம். ஜிஇசட்34 ரெக்டிஃபையருக்கு முதல் நிலையில் மொத்தம் 60ஐத் தாண்டக் கூடாது. மற்றவை யாவும் அளந்து பார்த்துக் குற்றம் நிரூபணமான பிறகே மாற்றப்பட வேண்டியவை. ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்துபவையும் நீங்கள் குப்பையில் போட்டவையுமான நீல நிறக் கப்ளிங் கெப்பாசிட்டர்கள், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான ஆம்ப்களில் குறையின்றி வேலை செய்கின்றன. அவற்றைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்: அடுத்த வால்வின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) பக்கத்து முனையை மட்டும் ஈயத்திலிருந்து விடுவித்து, ஆம்பை இயக்கி, அந்த முனைக்கும் சேசிஸுக்கும் இடையே டிசி வோல்ட்டைப் பாருங்கள். முள்ளோ எண்ணோ முதலில் ஏறி, பிறகு மெல்ல இறங்கி 0.1 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் கெப்பாசிட்டர் நலமாக இருக்கிறது. அரை வோல்ட்டுக்கு மேல் நின்றால் கசிகிறது, அதை மட்டும் மாற்றுங்கள். ரெசிஸ்டர்களும் அப்படியே. 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர் 120ஐத் தாண்டியிருந்தாலோ, சீறல் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானாலோ மாற்றலாம்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்த ஆம்ப் உச்சத்தில் மென்மையாக உடைந்து பாடுவதற்கு அந்தச் சிறிய கோரும் ஒரு காரணம். பெரியதைப் போட்டால் அடித்தட்டுச் சுரங்கள் இறுகும். ஆனால் மக்கள் தேடிப்போய் வாங்கும் அந்தக் குரல் போய்விடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வீட்டில் எங்காவது கிடந்தால் ஓம் அளந்து பாருங்கள். சுருள் அறுந்திருக்காவிட்டால் அதையே திரும்பப் பொருத்துங்கள். இனி எதைக் கழற்றினாலும் ஒரு உறையிலிட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, ஆம்புடனேயே வைக்க வேண்டும். அடுத்து அதைத் திறப்பவருக்கு அந்த உறைதான் வழிகாட்டி.

கே: புதிய 6வி6 வால்வுகளுக்குப் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தின் அளவு) எவ்வளவு வைப்பது?

ப: முதலில் பயாஸ் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்; அதன் பிளஸ் முனை சேசிஸுக்குப் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு வால்வின் கேத்தோடு முனைக்கும் சேசிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதில் காணும் மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர். பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால், 14 வாட் வால்வுக்கு 23 மில்லிஆம்பியருக்கு மேல் போகாதீர்கள். பழைய 12 வாட் வால்வானால் 20 போதும். பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கே: ரிவர்ப் அறவே இல்லை. வால்வு மாற்றியும் பயனில்லை.

ப: வால்வை மாற்றும் முன் டாங்கை (எதிரொலி தரும் ஸ்பிரிங்குகள் உள்ள பெட்டியை) அளந்திருக்க வேண்டும். இன்புட் சுருள் 1 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும் அவுட்புட் சுருள் 200 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருளிலிருந்து ஜாக்குக்குச் செல்லும் தலைமுடி போன்ற வயர் அறுந்திருக்கிறது. அதைப் பெரும்பாலும் ஈயம் வைத்து ஒட்டிவிடலாம்.

கே: மழைக்காலத்தில் மட்டும் பொரிவது போன்ற சத்தம் வருகிறது. வால்வுகள் எல்லாம் புதியவை.

ப: பாகங்கள் பொருத்தப்பட்டுள்ள கருப்பு ஃபைபர் போர்டு ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்துகிறது. மீட்டரின் மைனஸைச் சேசிஸில் பிடித்து, பிளஸ் முனையை எந்த உலோகக் கண்ணியும் இல்லாத வெறும் போர்டின் மீது வைத்துப் பாருங்கள். அங்கே சில வோல்ட் காட்டினால் அதுதான் நோய். ஹேர் டிரையரால் மிதமான சூட்டில் பொறுமையாக உலர்த்தினால் பல போர்டுகள் தேறும். தேறாவிட்டால் கிரிட்டுக்குப் போகும் இணைப்பைப் போர்டிலிருந்து தூக்கி அந்தரத்தில் ஈயம் வையுங்கள். இதற்கும் வடித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கே: ஆம்ப் செய்த ஆண்டை எப்படி அறிவது?

ப: பெட்டிக்குள் ஒட்டியுள்ள வால்வுப் பட்டியலில் இரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையாக இருக்கும். முதலாவது ஆண்டு, ஏ என்றால் 1951, ஓ என்றால் 1965. இரண்டாவது மாதம். டிரான்ஸ்ஃபார்மரில் 606-524 என்று இருந்தால் 606 என்பது ஷூமேக்கர் நிறுவனத்தின் குறி, 5 என்பது ஆண்டின் கடைசி எண், 24 என்பது வாரம். இரண்டும் சில மாத இடைவெளிக்குள் பொருந்தினால் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் அசலானது. ஆண்டுக்கணக்கில் விலகினால் விலை பேசுமுன் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.